வீட்டு வேலையிலிருந்து பெரிய கட்டட பிளம்பிங்குக்கு: குழாய் பெரிதாவது மட்டும்தானா வித்தியாசம்?

அரைஇஞ்ச் கேட்டது:

9 வருடமாக வீட்டு பிளம்பிங் மட்டும்தான் பார்க்கிறேன். பாத்ரூம் புதிதாகப் போடுவது, பழைய ஜிஐ இரும்பு லைனைப் பிடுங்கிவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் லைன் இழுப்பது, அடைப்பு எடுப்பது, சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது. வேலை சுத்தம் என்று பேர் உண்டு. நான் போட்ட ஜாயின்ட் ஒழுகுகிறது என்று திரும்பக் கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது ஒரு கான்ட்ராக்டர் 16 மாடி அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடுகிறார். ஆறு மாதம் கழித்து அவருடைய தொழிற்சாலை வேலைக்கும் மாற்றுவாராம். போன வாரம் பம்ப் ரூமைக் காட்டினார். என் தொடை அளவுக்குக் குழாய்கள், வரிசையாக மூன்று பம்ப், ஒவ்வொரு வால்விலும் எண் எழுதிய தகடு தொங்குகிறது. "மெயின் வால்வு எது?" என்று கேட்டேன். அங்கே இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

குழாய் என்றால் குழாய்தான், தண்ணீர் கீழ்ப்பக்கம்தான் ஓடும், அளவுதான் பெரிது என்கிறார் என் நண்பர். அப்படித்தானா? இல்லை, கற்றதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

யூனியன்சாக்கெட் பதில்:

நண்பர் சொன்னது சரி. நான் இரண்டும் பார்த்தவன். வீட்டில் திருகிப் பூட்டும் த்ரெட், இங்கே போல்ட் போட்டு இறுக்கும் ஃபிளாஞ்ச் தட்டு. அங்கே சொல்யூஷன், இங்கே வெல்டிங். அங்கே தனியாகப் போகலாம், இங்கே குழாயைத் தூக்க நாலு பேர் வேண்டும். இரண்டு மாதத்தில் பழகிவிடும், பயப்படாதீர்கள்.

ஷாஃப்ட்வாசி பதில்:

யூனியன்சாக்கெட் சொல்வது புதிதாகக் குழாய் போடும் ஆளுக்குப் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தைப் பராமரிக்கப் போகிற ஆளுக்குப் பொருந்தாது. 22 வருடம் ஷாஃப்டுக்குள்ளேயே (குழாய்கள் மாடி மாடியாக ஏறும் செங்குத்துச் சந்து) குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சிரித்த காரணம் எனக்குத் தெரியும். நானும் வீட்டு வேலையிலிருந்துதான் வந்தேன். முதல் மாதம், ஏழாவது மாடியில் ஒரு வாஷ்பேசின் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். அடியில் இருந்த ஆங்கிள் வால்வைத் திருகினேன், இறுகிக் கிடந்தது. வீட்டில் என்ன செய்வோம்? மெயினை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஷாஃப்ட் கதவைத் திறந்தேன், இரண்டு இஞ்ச் வால்வு ஒன்று கண்ணில் பட்டது. மூடினேன், சொட்டு நின்றது. அஞ்சே நிமிடம், வேலை முடிந்தது. ரெஞ்சைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆறாவது மாடிப் பல் மருத்துவர் கையுறையோடு நிற்கிறார். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறார், பல்லைக் கடையும் கருவிக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த வால்வு நாலு மாடிக்குப் பொது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பதறிப்போய் ஓடி வால்வை ஒரே மூச்சில் முழுசாகத் திறந்தேன். அது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. உள்ளே படிந்திருந்த துருவெல்லாம் கிளம்பி, நாலு மாடியிலும் குழாய் முனை வலைகள் அடைத்துக்கொண்டன, இரண்டு ஃப்ளஷ் வால்வு மூடாமல் ஓடிக்கொண்டே இருந்தன. சாயங்காலம் வரை அதைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சொட்டிய குழாய்க்கு அஞ்சு நிமிடம், அதற்குத் தண்ணீரை நிறுத்தியதற்கு ஏழு மணி நேரம்.

வீட்டில் தண்ணீரை நிறுத்தினால் யாருக்கு நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே தெரியாது. நான் பார்க்கும் முதல் வித்தியாசம் இதுதான், குழாயின் கனம் அதற்கு அப்புறம். மெயின் வால்வு எது என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். பத்து மெயின் இருக்கும், ஒன்றையும் நினைத்தபோது மூட முடியாது. யார் யாருக்கு நிற்கும் என்று படத்தில் பார்த்து, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, பெரும்பாலும் ராத்திரியில்தான் மூடுவோம். திறக்கும்போது கால் திருகு திறந்து, காற்று போகும் சத்தம் அடங்கும் வரை நின்று, கடைசிக் குழாயில் வலையைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, அப்புறம் மீதியைத் திறப்போம்.

அடுத்தது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். குழாய் அரை இஞ்சானாலும் ஆறு இஞ்சானாலும் கணக்கு அதேதான். நீங்கள் பழகிய வீட்டில் மொட்டைமாடி டேங்கிலிருந்து தரைத்தளக் குழாய் வரை 6, 7 மீட்டர் இருக்குமா? அதாவது முக்கால் பார்கூட இல்லை. 16 மாடியில் ஒரு மாடிக்கு மூன்றரை மீட்டர் என்றால் 56 மீட்டர், அடியில் ஐந்தரை பார். பம்ப் மேலே தள்ளும் லைனில் இதைவிடக் கூடுதல். வீட்டில் உங்களை ஒருநாளும் ஏமாற்றாத டேப் ஜாயின்ட் இங்கே ஏமாற்றும்.

அதனால்தான் கட்டடத்தை உயரவாரியாக மண்டலங்களாகப் பிரித்து, நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்திருப்பார்கள். பிஆர்வி என்பார்கள். அது ரொம்பக் கள்ளத்தனமான சாமான். பகலில் குழாய்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் கேஜில் (அழுத்தம் காட்டும் முள்) ஒழுங்காக 3 பார் காட்டும். அது மூடும்போது உட்காரும் இருக்கையில் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தால், ராத்திரி யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் மேல் பக்க அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து கீழே ஏறிவிடும். ஒரு கட்டடத்தில் ஞாயிறு ராத்திரிகளில் மட்டும் வாஷ்பேசின் ஹோஸ் வெடிக்கும். மூன்று முறை ஹோஸை மாற்றினோம், கம்பெனியை மாற்றினோம், மட்டமான சரக்கு என்று திட்டினோம். நாலாவது தடவை ராத்திரி 2 மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கேஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். முள் 6-ல் நின்றது. ஹோஸ் மேல் பழியே இல்லை. ஆகவே கேஜைப் பகலில் பார்த்ததோடு விடாதீர்கள், தண்ணீர் ஓடாத நேரத்தில் போய்ப் பாருங்கள்.

அரைஇஞ்ச்:

அண்ணா, பல் மருத்துவர் கதையைப் படித்து வியர்த்துவிட்டது. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஒரு சந்தேகம். வீட்டில் டேங்கிலிருந்து ஒன்றேகால், பாத்ரூமுக்கு முக்கால், குழாய்க்கு அரை என்று கைப்பழக்கத்தில் போட்டுவிடுவேன். இங்கே யார் அளவு முடிவு செய்கிறார்கள்? இன்னொன்று, 16 மாடி உயரத்திலிருந்து கழிவு விழுந்தால் அடியில் குழாய் திரும்பும் எல்போ உடைந்துவிடாதா? மேலிருந்து வரும் வேகத்தைக் குறைக்க நடுநடுவே குழாயை வளைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார்.

ஷாஃப்ட்வாசி:

இரண்டாவது கேள்வியை வாட்டம்பார் வந்து பார்த்துக்கொள்ளட்டும், அவருக்குச் சாக்கடை என்றால் உயிர். முதல் கேள்விக்குச் சொல்கிறேன்.

அளவு, ஒரு சூதாட்டக் கணக்கு. 300 குழாய் இருக்கும் கட்டடத்தில் 300-ம் ஒரே நொடியில் திறந்திருக்காது. எத்தனை திறந்திருக்கும் என்பதை நிகழ்தகவு வைத்துக் கணக்குப் போட்டவர் ராய் ஹண்டர், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்தவர். 1940-ல் வெளியிட்டார். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு யூனிட் மதிப்பு கொடுத்து, மொத்த யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வளைகோடு வரைந்தார். இன்றைக்கும் பல நாட்டு விதிகளில் அதன் சாயல்தான். டேங்க் வைத்த ஃப்ளஷ் என்றால் 100 யூனிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 165 லிட்டர். 1000 யூனிட்டுக்கு 1650 வரும் என்று நினைப்பீர்கள், சுமார் 790 தான் வரும். சாதனங்கள் பத்து மடங்கு, தண்ணீர் ஐந்து மடங்கைக்கூடத் தொடவில்லை.

ஃப்ளஷ் வால்வு இருந்தால் கதை வேறு. டேங்க் என்பது அரை இஞ்ச் லைனில் சாவகாசமாக நிரம்பி, இழுத்ததும் கொட்டுவது. வால்வு வகையில் சேமிப்பே கிடையாது, அந்த நாலைந்து நொடிக்கு முழுத் தண்ணீரும் குழாயிலிருந்தே வர வேண்டும். அதற்கு ஒரு இஞ்ச் லைன் கேட்கும். யாராவது "டேங்க் அசிங்கமாக இருக்கிறது, வால்வு போட்டுவிடு" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். பழைய அரை இஞ்ச் லைனில் போட்டால் வால்வு பெருமூச்சு விடும், கழுவாது.

அந்தக் கணக்கு காலை வாரும் இடங்களும் உண்டு. ஆறு மாதம் கழித்துத் தொழிற்சாலைக்குப் போவீர்களே, அங்கே ஷிப்ட் முடியும் மணி அடித்ததும் 200 பேர் ஒரே நேரத்தில் கை கழுவுவார்கள். விளையாட்டு அரங்கத்தில் இடைவேளை, பள்ளிக்கூடத்தில் மணி, எல்லாம் அப்படித்தான். அங்கே நிகழ்தகவு பார்க்கக் கூடாது, தலையை எண்ண வேண்டும்.

வாட்டம்பார்:

கூப்பிட்டதும் வந்துவிட்டேன்.

எல்போ உடையும் என்பது எல்லோரும் நம்பும் கதை. நடப்பது வேறு. செங்குத்துக் குழாயில் தண்ணீர் கல் விழுவது போல விழாது. விழ ஆரம்பித்ததும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு படலமாக வழியும், நடுவில் காற்று. சுவரின் உராய்வு பிடித்து இழுப்பதால் ஓரிரு மாடிக்குள்ளேயே நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் நிலைத்துவிடும். அப்புறம் 16 மாடியானாலும் 60 மாடியானாலும் அடியில் வந்து சேரும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகத்தைக் குறைக்க வளைக்கிறேன் என்று வளைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு அடைப்புக்கு நீங்களே இடம் தருகிறீர்கள்.

பிரச்சினை நடுவில் இருக்கும் அந்தக் காற்றில்தான். தண்ணீர் கீழே வரும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். அடியில் குழாய் படுக்கையாகத் திரும்பும் இடத்தில் தண்ணீர் வேகம் இழந்து திடீரென்று மேடாக எழும்பும், சில சமயம் குழாயையே நிறைத்துவிடும். பின்னால் வந்த காற்றுக்குப் போக வழியில்லை. என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கும் டிராப்பை, அதாவது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிற்கும் வளைவை, முட்டும். டிராப்பில் நிற்கும் தண்ணீர் பொதுவாக 50 மில்லிமீட்டர். அழுத்தத்தில் சொன்னால் ஒரு பாரில் இருநூறில் ஒரு பங்கு. ஊதினாலே நகரும்.

நான் பார்த்த ஒரு கட்டடத்தில் தரைத்தள வரவேற்பறைக் கழிவறை. புத்தம் புது டைல்ஸ், நல்ல சாமான். ஆனால் காலை 9 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் கோப்பையில் தண்ணீர் குமிழி விட்டுத் தரையில் தெறிக்கும். அடைப்பு என்று நினைத்து ஸ்பிரிங் விட்டு விட்டு எடுத்திருக்கிறார்கள், ஒன்றும் வரவில்லை. அடைப்பே இல்லை. தரைத்தளத்தை மெயின் ஸ்டாக்கின், அதாவது மாடிகளின் கழிவெல்லாம் இறங்கும் செங்குத்துக் குழாயின், அடி வளைவுக்கு இரண்டடி தள்ளிக் கோத்திருந்தார்கள். மேலே ஆள் நடமாட்டம் கூடும்போதெல்லாம் இங்கே ஊதும். தரைத்தளத்துக்குத் தனி லைன் இழுத்து நேராகச் சேம்பரில் விட்டதும் நின்றது. இரண்டு மாடி வீட்டில் இதையே தப்பாகப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, காட்டிக்கொடுக்கும் அளவுக்கு மேலே தண்ணீரே இல்லை.

அதே காரணத்தால்தான் காற்றுக்கு வழிவிடும் வென்ட் பைப். வீட்டில் மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் குழாயோடு முடிந்துவிடும். இங்கே ஸ்டாக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் முழு உயரத்துக்கும் கூடவே ஓடும், சில மாடிகளுக்கு ஒருமுறை இரண்டையும் கோத்திருப்பார்கள். புதிதாக வந்த ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு "காலியாகத்தானே இருக்கிறது" என்று வாஷ்பேசின் வேஸ்டை அதில் விட்டுவிட்டார். தண்ணீர் இறங்கும்போது காற்றின் வழி அடைபட்டு மூன்று மாடிக்கு நாற்றம். காலியாக இருப்பதுதான் அதன் வேலை.

கடைசியாக வாட்டம். வீட்டில் பாத்ரூமிலிருந்து சேம்பர் வரை 4 மீட்டர், கண்ணால் பார்த்தே வாட்டம் கொடுத்துவிடலாம். அடித்தளக் கூரையில் தொங்கவிடும் லைன் 40 மீட்டர் போகும். நூற்றுக்கு ஒன்று என்றாலும் மறுமுனையில் 40 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். அந்த உயரத்தில்தான் ஏசி டக்டும் கேபிள் டிரேயும் தீயணைப்பு லைனும் வந்து நிற்கும். டக்ட்காரர் ஏறி இறங்கிப் போகலாம், கேபிள் வளைந்து போகலாம், நம் சாக்கடையால் முடியாது. எனவே மற்றவர்களுக்கு முன்னால் போய் இடம் பிடியுங்கள். நான் போட்ட சண்டைகளில் பாதி இதற்காகத்தான்.

யூனியன்சாக்கெட்:

சரி, நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வென்டில் வேஸ்ட் விட்ட ஆள் நான் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நீராவிக்காரன்:

தொழிற்சாலைப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. அதுதான் என் வீடு.

அலுவலகக் கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய்க்குள் ஓடுவது தண்ணீர் என்று நம்பலாம். தொழிற்சாலையில் அந்த நம்பிக்கையைக் கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். நீராவி, அமிலம், காரம், எண்ணெய், அழுத்தக் காற்று, எல்லாம் ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். குழாய் மேல் பூசியிருக்கும் நிறத்தையும் அம்புக்குறியையும் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம், ரெஞ்ச் பிடிப்பது இல்லை. அந்த நிறங்களும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அந்தந்த ஆலையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்ச் சரக்கும் கைப்பழக்கத்தில் வராது. உப்பெல்லாம் நீக்கிய சுத்தத் தண்ணீர் சாதுவானது என்று நினைப்போம், அதுதான் செம்பைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனி பிளாஸ்டிக் அல்லது 316எல் ஸ்டீல் போடுவார்கள். பிவிசி தண்ணீருக்கு அருமையான குழாய். அதில் கம்ப்ரஸர் காற்றை மட்டும் ஏற்றாதீர்கள். மலிவு, சீக்கிரம் வேலை முடியும் என்று யாராவது போட்டிருப்பார்கள். தண்ணீர் நிறைந்த குழாய் உடைந்தால் விரிசல் விட்டு ஒழுகும், அவ்வளவுதான். காற்று சுருங்கி நிற்பதால், உடையும்போது கண்ணாடி போலச் சிதறிப் பாயும். சோதனையையும் தண்ணீர் ஏற்றித்தான் செய்வோம், பெரும்பாலும் ஓடும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு.

நீராவி லைனில் பயப்பட வேண்டியது நீராவிக்கு அல்ல, அதில் கிடக்கும் தண்ணீருக்கு. ராத்திரி நின்ற லைன் குளிர்ந்து, தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். காலையில் வால்வைச் சட்டென்று திறந்தால் நீராவி நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் கிளம்பும், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். தேங்கிய தண்ணீரை உருட்டித் திரட்டி எதிரே வரும் எல்போவில் கொண்டுபோய் அறையும். ஒருமுறை அந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன். லாரி மோதிவிட்டது என்று வாசலுக்கு ஓடினோம். குழாய் அதன் தாங்கியிலிருந்து ஒரு அடி நகர்ந்து கிடந்தது, ஃபிளாஞ்ச் கேஸ்கட் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. அதன் பிறகு அந்த வால்வைத் திறக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். முதலில் தேங்கிய தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வு, அப்புறம் ஒரு மயிரிழை, குழாய் சூடாகும் வரை காத்திருப்பு, அப்புறம் இன்னொரு மயிரிழை. ஷாஃப்ட்வாசி அண்ணன் தண்ணீருக்குச் சொன்னதேதான், இங்கே பொறுமை பத்து மடங்கு.

இன்னொன்று, ஹோஸ். டேங்கைக் கழுவ ஹோஸின் முனையை ரசாயனத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரம் பார்த்து மெயினில் அழுத்தம் விழுந்தால், ஹோஸ் உறிஞ்ச ஆரம்பிக்கும். ரசாயனம் குடிநீர் லைனுக்குப் போய்விடும். 1933-ல் சிகாகோவில் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தார்கள். பழுதான பிளம்பிங் இணைப்புகள்தான் காரணம். நிரப்பும் குழாயின் வாய்க்கும் டேங்கின் விளிம்புக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு காலி இடைவெளி விடுவதைவிட நல்ல தடுப்பு கிடையாது. அது முடியாத இடத்தில், இரண்டு தடுப்பு வால்வும் நடுவில் ஒரு வெளியேற்றும் வாயும் கொண்ட சாதனம் வைப்பார்கள். அந்த வாய் சொட்டுகிறது என்று யாராவது பிளக் போட்டிருந்தால் உடனே எடுங்கள். சொட்டுவது என்றால் அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது அல்லது ரிப்பேருக்கு வந்துவிட்டது, இரண்டில் எதுவானாலும் மூடக் கூடாது.

குழிக்குள்ளும் டேங்குக்குள்ளும் காற்றைச் சோதிக்காமல், எழுதி வாங்கிய அனுமதி இல்லாமல், மேலே ஆள் நிற்காமல் இறங்காதீர்கள். "முதலில் நாறியது, இப்போது நாறவில்லை, பரவாயில்லை" என்று நினைப்பவர்களைத்தான் அந்த வாயு எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். இதில் மட்டும் கூச்சம் பார்க்காமல் மேலதிகாரியோடு சண்டை போடுங்கள்.

அரைஇஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இன்னும் ஒன்று. அந்தக் கட்டடத்தில் சுடுதண்ணீரை 60 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் குழாயில் வருவது அதைவிடக் குறைவு. தண்ணீர் யாரும் திறக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வீண் இல்லையா? 45-ல் வைத்தால் போதாதா?

ஷாஃப்ட்வாசி:

வேண்டாம், கையை எடுங்கள்!

1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. வந்தவர்களில் 29 பேர் நிமோனியா போன்ற ஒரு காய்ச்சலில் இறந்தார்கள். காரணம் என்னவென்று மாதக்கணக்கில் தெரியவில்லை. அடுத்த ஜனவரியில்தான் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள், லெஜியோனெல்லா என்று பேர் வைத்தார்கள். அது தண்ணீரில் வாழ்வது. 20 முதல் 45 டிகிரி வரை அதற்குச் சுகமான வெதுவெதுப்பு. குடித்து வருவதைவிட, ஷவரிலும் கூலிங் டவரிலும் கிளம்பும் சாரலை மூச்சில் இழுத்துத்தான் பெரும்பாலும் வரும். நீங்கள் சொல்லும் 45 டிகிரி அதற்கு மெத்தை விரித்துக் கொடுப்பது. 60-ல் அது நிமிடங்களில் சாகும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் அஞ்சு நொடியில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கலப்பு வால்வு வைத்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள். சுற்றிக்கொண்டே இருப்பதும் அதற்காகத்தான், திரும்பி வரும் லைனிலும் 50-க்குக் கீழே போகக் கூடாது.

சுடுதண்ணீர் லைனைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சூடேறினால் குழாய் நீளும். 30 மீட்டர் லைன் 40 டிகிரி சூடேறினால் செம்பு 20 மில்லிமீட்டர் நீளும், சிபிவிசி 70-க்கு மேல் நீளும். ஷாஃப்டில் குழாய் லாடம் மாதிரி வளைந்து போவதைப் பார்த்து "யாரோ அளவு தெரியாமல் போட்டிருக்கிறார்கள்" என்று நேராக்கிவிடாதீர்கள். நான் அப்படி நினைத்திருக்கிறேன், நல்லவேளை அன்றைக்கு ரம்பம் கையில் இல்லை.

இன்னொன்று, இதை வீட்டிலிருந்து வரும் எல்லோரும் செய்வோம். ஒரு வாஷ்பேசினை எடுத்தால் குழாய் முனையில் ஒரு டம்மி பிளக் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அப்போது மெயினிலிருந்து அந்த பிளக் வரைக்கும் ஓடாத தண்ணீர் வருடக்கணக்கில் கிடக்கும். அந்தப் பூச்சிக்கு அதைவிட நல்ல வாடகை வீடு கிடையாது. எடுத்தால் பின்னாலேயே போய் கிளை பிரியும் டீ இணைப்பு இருக்கும் இடத்தில் வெட்டி, அங்கே மூட வேண்டும்.

அரைஇஞ்ச்:

சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதல் வாரம் முழுக்க ரெஞ்சையே எடுக்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு மாடி மாடியாக வால்வு எண்களைச் சரிபார்த்தேன். 212 வால்வு. அதில் 9 வால்வுக்குத் தகடு இல்லை. எட்டு எதற்கு என்று கண்டுபிடித்தாகிவிட்டது. ஒன்பதாவது பதினோராவது மாடியில், சுடுதண்ணீர் மெயினிலிருந்து கிளம்பி ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறது. படத்தில் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. "மூடிப் பார், யார் கத்துகிறார்கள் என்று தெரியும்" என்றார் பழைய ஆள் ஒருவர். செய்யவில்லை, உங்கள் பல் மருத்துவர் கண் முன்னால் வந்துவிட்டார். குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன். மெயின் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு, ஒரு மீட்டர் தள்ளி வெதுவெதுப்பு, அதற்கப்புறம் சுவர் மாதிரிக் குளிர்ச்சி. அப்போதே சந்தேகம். சீலிங் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். 11 மீட்டர் போய் ஒரு சுவருக்குள் முடிகிறது. முனையில் டம்மி. ஒரு காலத்தில் அங்கே பேன்ட்ரி இருந்ததாம், எடுத்து ஆறு வருடமாம்.

ஷாஃப்ட்வாசி:

ஆறு வருடமா! முனையைத் திறந்து பார்க்கிறேன் என்று பிளக்கைக் கழற்றாதீர்கள், சாரல் முகத்தில் அடிக்கும். மெயின் பக்கம் மூடுவதற்கு முன்னால் அந்த ரைசரில் (மாடிகளுக்கு ஏறும் செங்குத்துக் குழாயில்) வேறு யார் யார் இருக்கிறார்கள்?

அரைஇஞ்ச்:

8 முதல் 13 வரை. எல்லோருக்கும் எழுத்தில் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு. டீயிலேயே வெட்டுகிறோம். படத்திலும் அழித்துவிடுகிறேன்.

ஷாஃப்ட்வாசி:

திறக்கும்போது கால் திருகு.

அரைஇஞ்ச்:

கால் திருகு, அண்ணா.

வாட்டம்பார்:

அந்தப் பேன்ட்ரியின் வேஸ்ட் லைனை மூடினார்களா என்று யாராவது பார்த்தீர்களா? சுவருக்குள் அதன் டிராப் ஆறு வருடத்தில் காய்ந்து போயிருக்கும்.

அரைஇஞ்ச்:

ஓ. அதனால்தான் அந்த மூலையில் யாரும் உட்காருவதில்லையா!